வண்டியில் ஓர் அடுப்பு

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் தேனிக்கும் கம்பத்துக்கும் குமுளிக்கும் செல்லும் பெருஞ்சாலையில் செம்பட்டி என்னும் ஊர் உள்ளது. ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் பழனிச் சாலையும் நிலக்கோட்டைச் சாலையும் அவ்வூரில் வந்து கூடுகின்றன. அதனால் அங்கே வண்டிகளின் இரைச்சல் ஓய்வதே இல்லை. கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் சபரிமலைக்குச் செல்லும் அடியார்கள் தம் வண்டிகளை மரநிழலில் நிறுத்தி, எரிவாயு அடுப்பை இறக்கி வைத்து, சமைத்து உண்டு செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். வண்டியில் அடுப்பை ஏற்றிச் செல்லுதல் நமக்குப் புதிதன்று. ஆனால், அடுப்பே வண்டியை இழுத்துச் சென்ற காலம் ஒன்று இருந்தது என்பதை இக்கால மாணவர் பலர் அறியார்.

என் தாயைப் பெற்ற பாட்டனார் அக்காலத்தில் இச்சாலையில் ஓடிய பேருந்து ஒன்றில் கிளீனராகப் பணி புரிந்தவர். நான் புலவர் வகுப்பில் பயின்ற நாளிலும் அவர் திடமாக இருந்தார். விடுமுறையில் ஊருக்குச் சென்றால், திண்ணையில் அமர்ந்து அந்த அடுப்பைப் பற்றியே பேசுவார். இலக்கண நூற்பாக்களை மனப்பாடம் செய்து களைத்த எனக்கு, அவருடைய பேச்சு இளைப்பாறும் நிழலாக இருந்தது. அவரிடம் நான் கேட்டவற்றையும், பின்னர் அயல்நாட்டில் ஓர் இரவில் அவை எனக்குப் பயன்பட்ட வகையையும் இங்கே கூறுகிறேன்.

1939-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. போர்க்கப்பல்களுக்கும் வானூர்திகளுக்கும் எண்ணெய் தேவைப்பட்டமையால், பொதுமக்களுக்குக் கிடைத்த பெட்ரோல் குறைந்தது. 1941-இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்தது. மறு ஆண்டே பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. நம் நாட்டுக்கு எண்ணெய் தந்துகொண்டிருந்த பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளும் அத்துடன் போயின. பேருந்துகள் நின்றால் சந்தை நிற்கும்; மருத்துவமனைக்குச் செல்வோர் நிற்பர்; கடிதங்களும் நிற்கும். இந்நிலையில் கைகொடுத்தது கரி.

கரியிலிருந்து வாயுவை உண்டாக்கி, அவ்வாயுவினால் எந்திரத்தை ஓட்டும் முறை ஐரோப்பாவில் முன்னரே அறியப்பட்டிருந்தது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பேர் என்பவர் 1920-களில் விறகிலிருந்து வாயு எடுக்கும் கலம் ஒன்றைச் செப்பமாக அமைத்தார். போர்க்காலத்தில் உலகெங்கும் ஏறத்தாழப் பத்து இலட்சம் வண்டிகள் இவ்வாறு விறகாலும் கரியாலும் ஓடின என்பர். நம் மாகாணத்தில், மதுரையில் மோட்டார்த் தொழிலை வளர்த்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் பெட்ரோல் தட்டுப்பாட்டைக் கண்டு கரிவாயுக் கலம் ஒன்றை வடிவமைத்துச் செய்வித்தார். அது 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என வழங்கிற்று. அவருடைய மகளார் சௌந்தரம் அம்மையாரே தம் கணவர் இராமச்சந்திரனுடன் சேர்ந்து, செம்பட்டிக்கு அண்மையில் உள்ள சின்னாளபட்டிப் பக்கத்தில் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவியவர். தந்தையார் பெயர் சாலையோடும், மகளார் பெயர் கல்வியோடும் இப்பகுதியில் நிலைத்துவிட்டன.

இனி, அக்கலத்தின் அமைப்பைக் காண்போம். பேருந்தின் பின்புறத்தில் ஆளுயர இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதன் மேல்வாய் வழியே கரியைக் கொட்டி, மூடியை இறுக முடுக்கிவிடுவர். உருளையின் கீழ்ப்பகுதியில் காற்றுப் புகும் துளை ஒன்றும், அதற்குக் கீழே இரும்புச் சல்லடைத் தட்டு ஒன்றும் இருக்கும். துளையருகே கரி எரியும். எரியும் இடத்தில் வெப்பம் ஆயிரம் செல்சியசு பாகைக்கும் மேற்படும். அங்கே கரியும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடிக் கரியமில வாயு ஆகும். இதுவே நம் வீட்டு அடுப்பிலும் நிகழ்வது. ஆனால், இக்கலத்தில் கரியமில வாயு உடனே வெளியேற வழியில்லை. செக்கச் சிவந்த கரித்துண்டுகளின் ஊடே அது நுழைந்து செல்ல வேண்டும். அவ்வாறு செல்லுங்கால் மேலும் ஒரு பங்கு கரியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, கார்பன் மோனாக்சைடு என்னும் வேறொரு வாயுவாக மாறும். கரியமில வாயு எரியாது. கார்பன் மோனாக்சைடு எரியும். எரிவதனால்தான் அஃது எந்திரத்தை ஓட்டும். எனவே, அடுப்பில் கரியை முழுதும் எரித்துவிடாமல் அரைகுறையாக எரித்து, மீதி எரிதலை எந்திரத்தின் உள்ளே நிகழச் செய்வதே இதன் நுட்பம்.

வாயு கலத்தினின்று வெளிவரும்போது சூடாகவும் தூசு நிறைந்ததாகவும் இருக்கும். அதனைக் குழாய்களில் ஓட்டிக் குளிர்வித்து, வடிகட்டியில் செலுத்தித் தூசு நீக்கி, எந்திரத்தின் வாயிலில் காற்றோடு கலப்பர். வாயு ஒரு பங்கு எனின் காற்றும் ஏறக்குறைய ஒரு பங்கு. அவ்வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜனே ஆதலால் பெட்ரோலுக்குள்ள வலிமை அதற்கு இல்லை. வண்டியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கி நடப்பர். சில வேளைகளில் தள்ளவும் செய்வர். கட்டணமும் கொடுத்து வண்டியையும் தள்ளினோமே என்று யாரும் சினந்ததில்லையாம். அதைச் சொல்லும்போது பாட்டனார் நெடுநேரம் சிரிப்பார்.

விடியற்காலை 4 மணிக்கு அவர் எழுவார். கலத்தின் அடியில் உள்ள சாம்பலை வாரி, சல்லடையை ஆட்டி, கரி நிரப்பி, மூடியை முடுக்கி, கையால் சுழற்றும் விசிறியைச் சுற்றத் தொடங்குவார். எண்ணெயில் நனைத்த துணிப்பந்தத்தைக் காற்றுத் துளையருகே பிடிப்பார். உள்ளே தீப் பற்றும். விசிறியை மேலும் சுற்றச் சுற்றத் தீ பரவும். எல்லாம் செவ்வையாக இருந்தால் கால் மணி நேரத்தில் எந்திரம் முழங்கும். செவ்வையாக இல்லாத நாள்களே மிகுதி. 'அடுப்பு எரிய மாட்டேன் என்கிறது' என்று ஓட்டுநர் கடிந்துகொள்ள, சாலையில் பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு காத்திருக்க, பாட்டனார் குறை எங்கே என்று தேடத் தொடங்குவார்.

அவர் தேடிய முறைதான் நாம் அறியத்தக்கது. பிற கிளீனர்கள் கையில் கிடைத்த திருகாணியை எல்லாம் கழற்றுவர். ஒன்றைச் சரிசெய்யப் புகுந்து வேறொன்றைக் கெடுத்துவிடுவர். பாட்டனாரோ கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் கரியைக் கையில் எடுப்பார். ஒரு துண்டைக் கல்லின்மீது போடுவார். உலர்ந்த வன்மரக் கரி கணீரென ஒலிக்கும். ஈரக் கரி மொத்தென விழும். ஐப்பசி மழையில் பத்தில் எட்டு நாள் குறை அங்கேயே தெரிந்துவிடுமாம். ஈரம் சிறிது இருந்தால் தீமை இல்லை. நீராவி சிவந்த கரியோடு கூடி எரியும் வாயுவாகவே மாறும். ஆனால், மிகுதியான ஈரம் தீயின் வெப்பத்தை எல்லாம் தான் உண்டுவிடும். தீ குளிர்ந்தால் கரியமில வாயு கார்பன் மோனாக்சைடாக மாறாது. அடுப்பு புகையும், எந்திரமோ ஓடாது. இதற்கு மருந்து ஒன்றே. முந்தின இரவே கரிச்சாக்கைத் தாழ்வாரத்தில் ஏற்றி வைத்தல்.

கரி நன்றாக இருப்பின் அடுத்து நீண்ட இரும்புக் கம்பியை மேல்வாயில் விட்டுக் குத்திப் பார்ப்பார். சில வேளைகளில் கரித்துண்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உருளையின் நடுவே பாலம் போல் தொங்கிவிடும். மேலே கலம் நிறைந்து காணப்படும். கீழே தீ இரையின்றித் தவிக்கும். நிறைந்த கலத்தைக் கண்டு ஏமாறாதவனே நல்ல கிளீனர் என்பது அவர் கருத்து. கீழே சல்லடையில் சாம்பலும் கற்களும் உருகி ஒட்டிய சிட்டம் அடைத்திருத்தலும் உண்டு. அதையும் கம்பியே காட்டிக்கொடுக்கும்.

பின்னர் விசிறியைச் சுற்றி, வாயு வெளிவரும் சோதனைக் குழாயின் வாயில் கையை வைப்பார். கையில் காற்றே படவில்லை எனில், வழி எங்கோ அடைபட்டுள்ளது. வடிகட்டியைத் திறந்து தூசு தட்டினால் போதும். காற்றுப் படுகிறது எனில், அங்கே தீக்குச்சியைக் காட்டுவார். வெண்புகை மட்டும் வந்து தீப் பற்றவில்லை எனில் ஈரம் இன்னும் போகவில்லை. பற்றி, மஞ்சளாகத் துடித்து, அணைந்துவிட்டால் கலத்தின் தீ இன்னும் பழுக்கவில்லை. அவர் காத்திருந்தது நீல நிறமான, அசையாமல் நிற்கும் சுடருக்காக. அது தோன்றிய பின்னரே ஓட்டுநரை அழைப்பார்.

எவ்வளவு நேரம் விசிறியைச் சுற்றினும் நீலச் சுடர் வரவில்லை என்றால் ஒரே ஒரு காரணம் எஞ்சும். மூடியிலோ, குழாய் இணைப்பிலோ மயிரிழை போன்ற பிளவு இருந்து, வேண்டாத காற்று உள்ளே புகுகிறது. அக்காற்று, உண்டான வாயுவை உள்ளேயே எரித்துவிடும். அல்லது நீர்த்துப்போகச் செய்துவிடும். இதைக் கண்ணால் காண இயலாது. பாட்டனார் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, இணைப்புகளைச் சுற்றி மெல்லக் கொண்டுசெல்வார். விசிறி வாயுவை வெளியே இழுக்கும்போது கலத்தின் உள்ளே இழுவிசை இருக்கும். பிளவு உள்ள இடத்தில் ஊதுவத்தியின் புகை சட்டென வளைந்து உள்ளே ஓடும். அவ்விடத்தில் களிமண்ணை அப்பி அன்றைய பொழுதை ஓட்டுவார். சாமி படத்துக்கு வைத்த ஊதுவத்தியைப் பேருந்துக்கு எடுத்துச் செல்கிறாரே என்று பாட்டியார் முணுமுணுத்ததும் உண்டு.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். எந்திரம் ஓடும்போது பிளவின் வழியே காற்று உள்ளே செல்லும். எந்திரம் நின்ற பின் என்ன ஆகும்? இழுப்பார் இல்லை. ஆனால், உள்ளே சிவந்த கரி மணிக்கணக்கில் வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அவ்வாயு அதே பிளவின் வழியே வெளியே கசியும். அது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் குருதியில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்னும் செம்பொருள், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இந்நச்சு வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை எளிதில் விடாது. தலை வலிக்கும்; மயக்கமும் குமட்டலும் தோன்றும்; பிறகு உறக்கம் வரும். உறக்கம் என்று எண்ணிக் கண்ணை மூடியவர் எழுவது அரிது. மழை பெய்த ஓர் இரவில் வேறொரு வண்டியின் கிளீனர், கதகதப்பாக இருக்கிறதே என்று கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு, அணையாத கலத்தின் அருகில் படுத்துவிட்டார். விடியலில் அவர் எழவில்லை. அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை என்று சொல்லிவிட்டுப் பாட்டனார் பேச்சை நிறுத்திவிடுவார். அன்று முதல் அவர் கொட்டகைக்குள் கலத்தை நிறுத்தவிட்டதில்லை, மழையானாலும் வெளியேதான்.

போர் ஓய்ந்து பெட்ரோல் தடையின்றிக் கிடைக்கத் தொடங்கியதும் கரிக்கலங்கள் கழற்றப்பட்டன. பழைய இரும்பாகப் போயின.

நிற்க. நான் மூன்றாண்டுகட்கு முன் கனடாவில் வாழும் என் மகனிடம் சென்றிருந்தேன். அந்நாட்டு மக்கள் வீடு போன்ற வண்டிகளில் மனைவி மக்களுடன் ஊர் சுற்றுவர். படுக்கை, சமையலறை, குளியலறை யாவும் அவ்வண்டியினுள்ளே உண்டு. குளிர் மிகுந்த நாடு ஆதலால் காற்றைச் சூடாக்கித் தரும் உலை ஒன்றும் உண்டு. அத்தகைய வண்டி ஒன்றை என் மகன் வாடகைக்கு எடுத்து, ராக்கி மலைத்தொடரில் உள்ள பான்ஃப் என்னும் இடத்துக்கு என்னை அழைத்துச் சென்றான். செப்டம்பர் இறுதி. இரவு 10 மணிக்கு மேல் வெளியே பனி உறையும் குளிர். உலையை இயக்கும் விசையைத் திருப்பினால், எங்கோ ஒரு விசிறி முனகியது, வேறொன்றும் நிகழவில்லை. சற்றுப் பொறுத்து முனகலும் நின்றது. பேரன் போர்வைக்குள் நடுங்கினான்.

அவ்வுலை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை என் மகன் கையேட்டைப் பார்த்துப் படித்துச் சொன்னான். கேட்கக் கேட்க எனக்குப் பாட்டனாரின் நினைவே வந்தது. அறை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் என்னும் கருவி உலைக்கு ஆணை இடுகிறது. முதலில் விசிறி சுழல்கிறது. விசிறியின் காற்று போதிய வேகத்துடன் வருகிறதா என்று பார்க்க, காற்றுப் பட்டால் அசையும் மெல்லிய தகடு ஒன்று உள்ளே உண்டு. தகடு அசைந்தால்தான் மின்சுற்று மூடும். உலை அளவுக்கு மீறிச் சூடாகாமல் காக்க மற்றொரு விசையும் உண்டு. இவ்விரண்டு காவலரும் இசைந்த பின்னரே வாயுவின் வாயில் திறக்கும், தீப்பொறி தெறிக்கும், சுடர் தோன்றும். சில நொடிகளுக்குள் சுடர் தோன்றியதை உணர்கருவி அறியவில்லை எனில், வாயில் தானே மூடிக்கொள்ளும். சில முறை முயன்று பார்த்து, உலை அடங்கிவிடும்.

ஆகவே, எரியாத உலை கெட்டுப்போன உலை என்று நாம் முடிவு செய்துவிடலாகாது. பெரும்பாலும் அஃது எரிய மறுக்கிறது. காவலருள் எவரோ ஒருவர் கையை உயர்த்தி நிற்கிறார். அவர் எவர் என்று கண்டறிவதே நம் வேலை.

என் மகன் அக்குளிரில் இரண்டு வழிகளைக் கூறினான். அசையும் தகட்டைக் கம்பியால் இணைத்து அதன் காவலை நீக்கிவிடலாம் என்பது ஒன்று. உலையை விட்டுவிட்டு, சமையல் அடுப்பின் திரிகள் மூன்றையும் ஏற்றி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உறங்கலாம் என்பது மற்றொன்று. குழந்தை நடுங்கும்போது தந்தைக்கு இவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆனால், உலையில் சுடர் மூடிய அறைக்குள் எரிகிறது. அதன் புகை குழாய் வழியே வண்டிக்கு வெளியே போய்விடும். அறைக்காற்று அம்மூடிய அறையின் புறத்தே தழுவிச் சூடாகி வருமேயன்றிப் புகையோடு கலவாது. சமையல் அடுப்போ தன் புகையை நாம் மூச்சு விடும் அறையிலேயே விடும். சன்னல்கள் மூடிய சிறு வண்டியில் அஃது எரிய எரியப் பிராணவாயு குறையும். குறையக் குறையக் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நான் கொட்டகையில் படுத்த அந்த இளைஞரின் கதையைச் சொன்னேன். மகன் அடுப்பின் பக்கம் போகவில்லை.

இஃது அயல்நாட்டுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணற்க. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், கேரளத்தில் வடகரைக்கு அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவன் வண்டி ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். வண்டியின் மின்னாக்கியிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று ஆய்ந்தோர் கூறினர்.

பாட்டனார் கரியைக் கல்லின்மேல் போட்டதுபோல், நாங்கள் முதலில் எரிபொருளைச் சோதித்தோம். சமையல் அடுப்பின் திரி ஒன்றை ஒரு கணம் ஏற்றிப் பார்த்தோம். நீலச் சுடர் நிலையாக நின்றது. எனவே, உருளையில் வாயு உண்டு. உலைக்கும் அதே வாயுவே செல்கிறது. குளிர்நாடுகளில் இச்சோதனை மிகவும் தேவை. நம் வீட்டு உருளைகளில் பியூட்டேன், புரோப்பேன் என்னும் இரண்டும் கலந்திருக்கும். பியூட்டேன் ஏறத்தாழப் பனி உறையும் நிலையிலேயே ஆவியாகாமல் நீர்மமாகத் தங்கிவிடும். புரோப்பேனோ சுழிக்குக் கீழே 42 பாகை வரை ஆவியாகும். அதனால் அங்கே புரோப்பேனையே பயன்படுத்துவர்.

திரியை அணைத்தபின், வண்டிக்கு வெளியே சென்று உலையின் புகைவாயைக் கைவிளக்கால் பார்த்தோம். குளவிகள் அத்தகைய குழாய்களில் மண்கூடு கட்டுவதும், சிலந்திகள் வலை பின்னுவதும் மிகுதி என்று கையேடு எச்சரித்திருந்தது. பல நூறு டாலர் விலையுள்ள உலையைச் செப்புக்காசும் பெறாத குளவி ஒன்று நிறுத்திவிடுகிறது. எங்கள் வண்டியில் கூடு இல்லை. உள்ளே சூடான காற்று வரும் துளைகளைப் பார்த்தோம். பேரனுடைய பெட்டி ஒரு துளையை மறைத்திருந்தது; அதை எடுத்து வைத்தோம். மீண்டும் விசையைத் திருப்பினோம். அதே முனகல்தான்.

அப்போதுதான் அந்த ஒலியை நான் நன்றாகக் கேட்டேன். பாட்டனார் சோர்ந்த கையால் சுற்றும் விசிறியின் ஒலி எப்படி இருக்கும் என்று வாயால் செய்து காட்டுவார். அவ்வொலியே இது. விசிறி சுழல்கிறது, ஆனால் மெல்லச் சுழல்கிறது. மெல்லச் சுழன்றால் தகடு அசையாது. தகடு அசையாவிட்டால் தீப்பொறி வாராது. எனில், குறை வாயுவில் இல்லை, தகட்டிலும் இல்லை. விசிறியைச் சுழற்றும் மின்னாற்றலில்தான். மாலை முழுதும் விளக்குகளையும் நீர் இறைக்கும் பொறியையும் கைப்பேசிகளையும் இயக்கி 12 வோல்ட்டு மின்கலத்தை நாங்களே வற்றச் செய்திருந்தோம். மகன் வண்டியின் எந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டினான். எந்திரம் ஓடினால் அம்மின்கலத்துக்கும் மின்சாரம் செல்லும். முனகல் படிப்படியாக உயர்ந்து இரைச்சலாயிற்று. உள்ளே 'டிக், டிக்' என்று பொறி தெறித்தது. 'புஸ்' என்னும் ஓசையுடன் உலை பற்றிக்கொண்டது. சற்று நேரத்தில் வெதுவெதுப்பான காற்று வந்தது. தகட்டைக் கம்பியால் இணைத்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை மகனுக்கு அப்போது சொன்னேன். விசிறி தேவையான காற்றைத் தராத நிலையிலும் வாயு எரிந்திருக்கும். வெப்பத்தை எடுத்துச் செல்லக் காற்றின்றி உலையின் உள்சுவர் நாளடைவில் வெடித்திருக்கும். பிறகு புகை அறைக்குள் வந்திருக்கும். தகடு பிடிவாதம் பிடித்தது நம் பொருட்டே.

விடிந்ததும் மின்கலப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒரு முனையில் வெண்ணீறு பூத்தாற்போல் பொடி படிந்திருந்தது. அதனால்தான் முந்தின நாள் பகல் முழுதும் வண்டி ஓடியும் மின்கலம் நிறையவில்லை. இணைப்பைக் கழற்றி, சமையல் சோடாவைக் கரைத்த வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவித் துடைத்து, மீண்டும் இறுக முடுக்கினோம். அதற்குப் பிந்திய ஐந்து இரவுகளும் விசையைத் திருப்பியவுடன் உலை எரிந்தது.